குருவியா, அருவியா?
குறுக்கெழுத்துப் புதிரும் இரண்டு விடைகளும்

"மலையிலிருந்து விழுவது தலை மாறினால் பறக்கும். மூன்று எழுத்து."

ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பில், ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இந்தக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதினேன். நான் வைத்திருந்த விடை 'அருவி'. பெரும்பாலான குறிப்பேடுகளிலும் அதுவே இருந்தது. ஒரு மாணவி மட்டும் 'குருவி' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பெருக்கல் குறி இட்டுவிட்டு அடுத்த குறிப்பேட்டை எடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் அவள் தானாக வாய் திறந்ததில்லை. அன்றும் குறிப்பேட்டை மூடி வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை விடுதிப் பக்கம் நடந்து போகும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எழுதியதில் என்ன தவறு? யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த எந்தக் காரணத்தாலும் அதைத் தவறு என்று சொல்ல முடியவில்லை. அந்த ஒரு பெருக்கல் குறியிலிருந்து வகுப்பு எங்கே போனது, நான் என்ன கற்றேன் என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. புதிரைக் கையாளும் முறையையும் கூடவே தருகிறேன். உங்கள் வகுப்பில் நாளைக்கே செய்து பார்க்கலாம்.

இது எந்த வகைப் புதிர்?

குறுக்கெழுத்துப் புதிர் நமக்குப் புதிதல்ல. வார இதழ்களில் வருவதைத் தலைமுறைகளாகப் போட்டு வருகிறோம். 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் வெளியிட்ட புதிரே இன்றைய குறுக்கெழுத்துக்குத் தொடக்கம் என்பார்கள். அதில் ஒவ்வொரு குறிப்பும் நேரடியாகப் பொருளைச் சொல்லும். 'சிறுதானியம், இரண்டு எழுத்து' என்பது போல.

1920களில் இங்கிலாந்தில் இன்னொரு வகை வளர்ந்தது. அங்கே குறிப்பு ஒரு வாக்கியமாக இருக்கும். படித்தால் ஏதோ ஒரு செய்தியைச் சொல்வது போலத் தோன்றும். உண்மையில் அதற்குள் இரண்டு பகுதிகள் ஒளிந்திருக்கும். ஒன்று விடையின் பொருள். மற்றொன்று அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. அப்சர்வர் இதழில் 1926 முதல் இத்தகைய புதிர்களை அமைத்தவர் டார்கெமாடா என்ற புனைபெயர் கொண்ட எட்வர்டு போய்ஸ் மேத்தர்ஸ். அவருக்குப் பின் 1939இல் அந்த இடத்துக்கு வந்த சிமெனிஸ், புதிர் கடினமாக இருக்கலாம், ஆனால் நேர்மையாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தி, அதற்கான விதிகளை 1966இல் நூலாகவே எழுதினார். நம் நாட்டில் தி இந்து ஆங்கில நாளிதழ் 1971 முதல் இவ்வகைப் புதிரை வெளியிட்டு வருகிறது. தமிழில் அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் இத்தகைய புதிர்களைத் தொடர்ந்து அமைத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் வளர்ந்த விளையாட்டு என்றாலும், இதன் உறவினர்கள் நம் இலக்கணத்தில் பழங்காலம் தொட்டே இருக்கிறார்கள். விடுகதையைத் தொல்காப்பியம் 'பிசி' என்கிறது. சிலேடைக்குக் காளமேகப் புலவர் பெயர் போனவர். தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் எழுத்து வருத்தனம், மாத்திரைச் சுருக்கம், மாத்திரை வருத்தனம், ஒற்றுப்பெயர்த்தல் என்று சித்திரக்கவி வகைகள் வருகின்றன. எழுத்தைக் கூட்டியும், குறிலை நெடிலாக்கியும், ஒரே தொடரை வேறு விதமாகப் பிரித்தும் புதுப்பொருள் காண்பதுதான் அவற்றின் வேலை. மறைகுறிப்புப் புதிர் செய்வதும் அதுவேதான்.

எங்கள் மலைப் புதிர்

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிக் குழந்தைகள். சாமையும் தினையும் விளைவதையும், தேனடை எடுப்பதையும், கடுக்காய் பொறுக்குவதையும் பார்த்து வளர்ந்தவர்கள். எனவே புதிரின் கருப்பொருளை 'நம் மலை' என்று வைத்துக்கொண்டேன். ஒரே கருப்பொருள் என்றால் இரண்டு நன்மைகள் உண்டு. விடைகள் எந்தத் திசையில் இருக்கும் என்று குழந்தைக்கு ஒரு பிடி கிடைக்கிறது. தன் வீட்டில் புழங்கும் சொல் பாடத்துக்குள் வருகிறது.

பத்துக் குறிப்புகள் எழுதினேன். அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

1. மலைக்குக் கால் முளைத்தால் பொழுது சாயும் (2)
2. மடுவுக்கு இரட்டைக்கொம்பு முளைத்தால் உயரும் (2)
3. திணையில் ஒரு சுழி குறைந்தால் மலைவயலில் விளையும் (2)
4. பார்த்தேன், எடுத்தேன், கொடுத்தேன். முடிவில் எல்லாம் இனிப்பு (2)
5. விருந்து தலை மாறினால் கசக்கும் (4)
6. மலையிலிருந்து விழுவது தலை மாறினால் பறக்கும் (3)
7. தை போன சந்தையோடு செல்வம் சேர, மணக்கும் மரம் (5)
8. நஞ்சோடு சேர்ந்த காய் வயிற்றுக்கு நல்லது (5)
9. பாதுகாப்பும் கிராமமும் சேர்ந்து இரவெல்லாம் வானத்தைப் பார்க்கும் (4)
10. வயலோடு ஐந்துக்கு அடுத்தது சேர, நம் மலையில் பிறந்து சமவெளிக்கு ஓடும் (4)

முழுக் கட்டம் ஒன்றில் பத்தையும் அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. காரணம் எளிது. ஆங்கிலத்தில் எழுத்து 26, தமிழில் 247. இரண்டு சொற்களில் ஒரே எழுத்து அமைவது நம் மொழியில் அரிது. எனவே இரண்டு மூன்று சொற்கள் வெட்டிக்கொள்ளும் சிறு கட்டங்களாகவே வைத்தேன். ஐந்தாம் குறிப்பின் விடையும் ஆறாம் குறிப்பின் விடையும் இரண்டாம் எழுத்தில் வெட்டிக்கொள்ளும். எட்டாம் விடை இடமிருந்து வலமாகச் செல்ல, அதன் இரண்டாம் எழுத்தில் இரண்டாம் விடை மேலிருந்து வந்து முடியும். அதன் நான்காம் எழுத்தில் ஒன்பதாம் விடை கீழ்நோக்கித் தொடங்கும். வெட்டாத சொற்களைத் தனிக் கட்டங்களாக விட்டுவிட்டேன். வகுப்பறைக்கு இது போதும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய் முழுதும் ஒரே எழுத்து. புள்ளி வைத்த மெய்யும் ஓர் எழுத்து. 'மேடு' என்பதை எழுதும்போது கொம்பு, ம, டு என்று கண்ணுக்கு மூன்று வடிவங்கள் தெரிந்தாலும் எழுத்து இரண்டுதான். எட்டாம் வகுப்பிலும் இதில் தடுமாறுபவர்கள் இருந்தார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

கால், கொம்பு, சுழி

முதல் குறிப்பை நானே விளக்கினேன். மலைக்குக் கால் எப்படி முளைக்கும் என்று கேட்டவுடன் வகுப்பு சிரித்தது. 'கால்' என்றால் துணைக்கால் என்று ஒரு மாணவன் கண்டுபிடித்ததும் 'ம' நீண்டு 'மா' ஆனது, மலை மாலையாயிற்று. பொழுது சாயும் நேரம் மாலை. இரு பகுதிகளும் பொருந்திவிட்டன. குறில் நெடிலாகும்போது பொருளே மாறுகிறது என்பதை வாய்பாடாகச் சொன்னபோது தலையாட்டியவர்கள், அன்று அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இரண்டாவதில் மடு மேடாயிற்று. 'மடு' என்றால் நீர் நிற்கும் பள்ளம் என்று சிலருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளத்தின் மேல் கொம்பு வைத்தால் மேடாகிவிடுகிறதே என்று அவர்களே வியந்தார்கள். நான்காவதில் மூன்று வினைச்சொற்களின் கடைசி இரண்டு எழுத்தையும் எடுத்தால் 'தேன்'. ஏழாவதில் சந்தையிலிருந்து 'தை' போனால் 'சந்', செல்வம் என்றால் 'தனம்', சேர்ந்தால் சந்தனம். ஒன்பதாவது 'காவல்' என்பதும் 'ஊர்' என்பதும் சேர்ந்த காவலூர். ஆலங்காயத்தை அடுத்த அந்த ஊரில்தான் வைணு பாப்பு வான்நோக்கு நிலையம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய உற்றுநோக்கல்களிலும் காவலூருக்குப் பங்கு உண்டு. தம் மலை புதிரிலும் வருகிறது, அறிவியல் வரலாற்றிலும் வருகிறது என்பதில் குழந்தைகளுக்குப் பெருமை.

பத்தாவது குறிப்பு புணர்ச்சி விதிக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது. நன்செய், புன்செய் என்கிறோமே, அந்தச் 'செய்' தான் வயல். ஐந்துக்கு அடுத்தது ஆறு. இரண்டும் சேர்ந்தால் 'செயாறு' என்று ஒருவன் எழுதினான். கட்டம் நான்கு இருக்க, மூன்று எழுத்துதான் வந்தது. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும் என்ற விதியை அப்போது நினைவூட்டினேன். 'செய்யாறு' கட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. விதி தேர்வுக்காக அல்லாமல் ஒரு காலிக் கட்டத்தை நிரப்பத் தேவைப்பட்டதால், அவன் அதை இனி மறக்கமாட்டான் என்று நம்புகிறேன்.

மூன்று சாட்சிகள்

வாதம் முதலில் எழுந்தது மூன்றாம் குறிப்பில். "சாமை" என்றான் ஒரு மாணவன். அது மலைவயலில் விளைவதுதானே, எழுத்தும் இரண்டுதானே, எங்கள் வயலில் சாமைதான் போட்டிருக்கிறோம் என்றான். வெறும் நேர்க்குறிப்பாக இருந்தால் அவன் சொன்னதைத் தள்ள முடியாது. ஆனால் குறிப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. 'திணை' என்பதில் மூன்று சுழி ணகரம் இருக்கிறது. ஒரு சுழி குறைத்தால் இரண்டு சுழி னகரம், 'தினை'. திணையிலிருந்து சாமைக்குப் போக வழி இல்லை. அவனே ஒப்புக்கொண்டான். ஐந்திணையில் குறிஞ்சிக்குரிய உணவு தினை என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிக்கொண்டேன்.

எட்டாவதில் இன்னொரு கேள்வி வந்தது. 'கடு' என்றால் நஞ்சு. அதனோடு காய் சேர்ந்தால் கடுக்காய். "கடு இரண்டு, காய் இரண்டு, மொத்தம் நாலுதானே ஐயா? ஐந்தாவது எழுத்து எங்கிருந்து வந்தது?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. இடையில் மிகும் 'க்' குறிப்பில் சொல்லப்படவில்லை. சொற்கள் சேரும்போது புணர்ச்சியில் தோன்றும் எழுத்தைக் குறிப்பு தனியே சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எண்ணிக்கையில் அது சேரும் என்று வகுப்பில் ஒரு விதி செய்துகொண்டோம். வயிற்றுக்கு நல்லது என்பதற்கு விளக்கம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நெல்லிக்காய், தான்றிக்காயோடு சேர்த்துத் திரிபலா செய்வதற்குத்தான் கடுக்காய் வாங்கிப்போகிறார்கள் என்று அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

இந்த இரண்டு வாதங்களிலிருந்து கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல் உருவாயிற்று. ஒரு விடை நிற்க வேண்டுமானால் மூன்று சாட்சிகள் வேண்டும்.

முதல் சாட்சி, பொருள்: குறிப்பில் உள்ள பொருள் விடைக்குப் பொருந்துகிறதா?
இரண்டாம் சாட்சி, கட்டுமானம்: குறிப்பு சொல்லும் வழியில் எழுத்துகளைச் சேர்த்தால் அந்த விடை வருகிறதா?
மூன்றாம் சாட்சி, கட்டம்: எழுத்து எண்ணிக்கையும் வெட்டும் எழுத்தும் ஒத்துப்போகின்றனவா?

'சாமை' இரண்டாம் சாட்சியில் விழுந்தது. 'செயாறு' மூன்றாம் சாட்சியில் விழுந்தது. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அந்த ஆறாம் குறிப்பு

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் முதலில் அந்த மாணவியின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை நான் போட்ட பெருக்கல் குறி சரிதானா என்று வகுப்பே சொல்லட்டும் என்றேன். அவளைப் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. 'அருவி', 'குருவி' என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தான். "கருவி, ஐயா. ட்ரோன் பறக்குமே!" வகுப்பு சிரித்தது. சிரித்துவிட்டு விடாமல், மூன்று சாட்சிகளையும் வைத்துப் பாருங்கள் என்றேன். அருவியின் தலை மாறினால் கருவி வரும், கட்டுமானம் சரி. மூன்று எழுத்து, நடுவில் 'ரு', கட்டமும் சரி. பொருள்? "மண்வெட்டியும் கருவிதான், அது பறக்குமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பறக்கும் கருவி ஒன்று இருக்கிறது என்பதால் 'பறக்கும்' என்பது கருவியைக் குறித்துவிடாது. கருவி முதல் சாட்சியில் விழுந்தது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

பிறகு 'குருவி'. பொருள்: பறக்கும். கட்டுமானம்: மலையிலிருந்து விழுவது அருவி, அதன் தலை மாறினால் குருவி. கட்டம்: மூன்று எழுத்து, 'மருந்து' என்பதிலிருந்து வரும் 'ரு' நடுவில் உட்காருகிறது. மூன்று சாட்சிகளும் குருவி பக்கம்.

'அருவி'க்காகப் பேசியவர்களும் சும்மா இருக்கவில்லை. விடுகதையில் எப்போதும் எழுவாய்தானே விடை என்றார்கள். இது எது என்று கேட்டு, 'மலையிலிருந்து விழுவது. தலை மாறினால் பறக்கும்' என்று அடையாளம் சொல்கிறது. முழு வாக்கியமும் அருவியைப் பற்றியதுதான். பொருள் பொருந்துகிறது. குருவியிலிருந்து தலையை மாற்றி அருவிக்கு வரலாம், கட்டுமானமும் பொருந்துகிறது. கட்டத்தில் வெட்டுவது நடு எழுத்து மட்டும். அந்த 'ரு' இரண்டிலும் உண்டு. எனவே கட்டம் யார் பக்கமும் சாயவில்லை.

நேரம் ஆக ஆகக் குரல் ஏறியது. கை தூக்கச் சொல்லலாம் என்றார்கள் சிலர். நான் சம்மதிக்கவில்லை. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது விடையைத் தீர்மானிக்காது, காரணம்தான் தீர்மானிக்கும் என்றேன். அதைச் சொன்ன பிறகு, நானும் அந்த விதிக்குக் கட்டுப்பட வேண்டியவனானேன். 'என் விடைத்தாளில் அருவி என்று இருக்கிறது' என்பதும் ஒரு காரணமாகாது.

அப்போதுதான் அவள் எழுந்தாள். "ஐந்தாவதில் விருந்து என்று எழுதியிருக்கீங்க ஐயா. அதனால அது விடை இல்லைன்னு தெரியுது. ஆறாவதில் இரண்டையும் எழுதலையே" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

நான் இரண்டு நாள் யோசித்தும் எட்டாத இடம் அது. ஐந்தாம் குறிப்பும் ஆறாம் குறிப்பும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் ஐந்தாவதில் 'விருந்து' என்ற மூலச்சொல் வெளிப்படையாக நிற்கிறது. கண்முன் எழுதப்பட்ட சொல் விடையாக இருக்க முடியாது. எனவே தலை மாறி வந்த 'மருந்து' மட்டுமே விடை. ஆறாவதில் மூலச்சொல்லும் மறைந்திருக்கிறது, மாறிய சொல்லும் மறைந்திருக்கிறது. இரு முனைகளுக்கும் பொருள் மட்டுமே கொடுத்திருக்கிறேன். எந்த முனையை விடை என்று எடுக்க வேண்டும் என்று சொல்ல அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. பிழை அவள் விடையில் இல்லை. என் வினாவில் இருந்தது.

பெருக்கல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் சரிக்குறி இட்டு, கையொப்பமும் தேதியும் போட்டேன். 'அருவி' எழுதியவர்களுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் குறிப்பு அப்படியே இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

குறிப்பைத் திருத்துதல்

திருத்தும் வேலையை வகுப்பிடமே கொடுத்தேன். நான்கு பேர் கொண்ட குழுக்கள், பத்து நிமிடம். நிபந்தனை ஒன்றே: ஒரே ஒரு விடைதான் வர வேண்டும்.

குருவிக்கு ஒரு குழு, "அருவியின் தலை மாற, சிறகடித்துப் பறந்தது (3)" என்று எழுதியது. மூலச்சொல்லை வெளிப்படையாக வைத்தவுடன் ஐயம் போய்விட்டது. 'சிறகடித்து' என்று சேர்த்ததால் ட்ரோனும் வெளியேறியது. அருவிக்கு இன்னொரு குழு, "அமிர்தியின் தொடக்கத்தோடு தலையிழந்த குருவி சேர, மலையிலிருந்து விழும் (3)" என்று எழுதியது. அமிர்தியின் தொடக்கம் 'அ'. தலையிழந்த குருவி 'ருவி'. புதிய தலை எந்த எழுத்து என்பதையே குறிப்பு சொல்லிவிடுகிறது. வேலூர்ப் பக்கம் நம் மலையில் அருவி இருக்கும் இடமும் அமிர்திதான். நான் எழுதியதைவிட இது நல்ல குறிப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை.

மற்றொரு குழு திருத்துவதை விட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்றைச் செய்திருந்தது: "விருந்து தலை மாறினால் வானில் வட்டமிடும் (4)". விடை பருந்து. அதே விருந்து, அதே தலைமாற்றம். பொருள் மாறியதும் மருந்து பருந்தாகிவிட்டது. முதல் சாட்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் வகுப்பில் செய்ய

தொடக்கநிலை: மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கால் முளைக்கும் விளையாட்டே போதும். "கல்லுக்குக் கால் முளைத்தால் நடக்கலாம்" என்றால் கால். "பல்லுக்குக் கால் முளைத்தால் குடிக்கலாம்" என்றால் பால். "படத்துக்குக் கால் முளைத்தால் படிக்கலாம்" என்றால் பாடம். எழுத்து அட்டைகளோடு ஒரு துணைக்கால் அட்டையைச் செய்துவைத்து, குழந்தையே கையால் நகர்த்திச் சொல்லை மாற்றட்டும். குறில், நெடில் வேறுபாடு கையிலும் காதிலும் ஒருசேரப் பதியும்.

நடுநிலை: ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தலை மாற்றுதல், கடைசி எழுத்தை நீக்குதல், இரு சொற்களைச் சேர்த்தல், எழுத்துகளைக் கலைத்து அடுக்குதல் ஆகியவற்றைக் கொண்டுவரலாம். கலைக்கும்போது தமிழில் உயிர்மெய்யைப் பிரிக்காமல் முழு எழுத்தாகவே நகர்த்த வேண்டும். 'கதவு' என்பதன் எழுத்துகளை இடம் மாற்றினால் 'தகவு'. "உடைந்த கதவில் நடுவுநிலைமை (3)" என்று குறிப்பு எழுதலாம். புணர்ச்சிப் பாடம் நடத்தும் வாரத்தில் காவலூர், செய்யாறு போன்ற உங்கள் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலை: ஒன்பது, பத்தாம் வகுப்பில் சிலேடை, இரட்டுறமொழிதல் படிக்கும் மாணவரிடம் குறிப்பை எழுதும் வேலையைக் கொடுத்துவிடலாம். ஒரு மாணவர் எழுதிய குறிப்பை மற்றொருவர் உடைத்துப் பார்க்க வேண்டும். வேறு விடை வருகிறதா என்று தேட வேண்டும். வேறு விடை வந்தால் எழுதியவர் திருத்த வேண்டும். இரண்டு பொருள் தரும் தொடரைச் செய்யுளில் அணி என்கிறோம். வினாத்தாளில் அதுவே பிழையாகிவிடுகிறது. எங்கே இரு பொருள் அழகு, எங்கே அது குழப்பம் என்ற பாகுபாடு இந்தப் பயிற்சியில் தானாகவே விளங்கும்.

ஒரு பாடவேளையை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்து நிமிடம், ஒரு குறிப்பை ஆசிரியர் விளக்குதல். அடுத்த பதினைந்து நிமிடம், இருவர் இருவராக விடை காணுதல். அதன்பின் பதினைந்து நிமிடம், விடை வேறுபடும் குறிப்புகளை மட்டும் எடுத்து மூன்று சாட்சிகளை வைத்து வாதிடுதல். கடைசி ஐந்து நிமிடம், பிழையான குறிப்பைத் திருத்தி எழுதுதல். வாதம் நீண்டால் திருத்தத்தை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வாதத்தை மட்டும் சுருக்க வேண்டாம்.

குறிப்பெழுதும் ஆசிரியர் வகுப்புக்குப் போகும் முன் சரிபார்க்க வேண்டியவை:

குறிப்பில் பொருளும் கட்டுமானமும் இரண்டும் இருக்கின்றனவா?
பொருள் குறிப்பின் ஒரு முனையில்தான் இருக்கிறதா, இரு முனையிலும் இருப்பது போலத் தோன்றுகிறதா?
மாற்றப்படும் மூலச்சொல் வெளிப்படையாக இருக்கிறதா?
வெட்டும் எழுத்து, மாறும் எழுத்தின் மேல் விழுகிறதா? என் ஆறாம் குறிப்பில் நடு எழுத்துக்குப் பதிலாக முதல் எழுத்து வெட்டியிருந்தால் ஐயமே எழுந்திருக்காது.
விடைகள் குழந்தைக்குத் தெரிந்த சொற்களா?

விடைக்குறிப்பில் இல்லாத விடை

புதிரை விட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டுதான் விடைத்தாள் திருத்துகிறோம். நாற்பது தாள், அறுபது தாள் என்று கையில் இருக்கும்போது, குறிப்பில் இல்லாத விடையைக் கண்டதும் கை தானாகப் பெருக்கல் குறி போடுகிறது. அன்று என் கையும் அதைத்தான் செய்தது. பேசும் பிள்ளை எழுந்து வந்து கேட்டுவிடும். பேசாத பிள்ளை குறிப்பேட்டை மூடிக்கொள்ளும். தான் யோசித்தது சரியாக இருந்தாலும் தவறு என்றுதான் சொல்வார்கள் என்று அது எடுத்துக்கொண்டால், அடுத்த முறை யோசிக்காமல் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதும். வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடைவெளி உள்ள எங்கள் மலைக் குழந்தைகளிடம் இந்தப் பழக்கம் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

பொதுத்தேர்வில் நாம் விடைக்குறிப்பை மாற்ற முடியாது. வகுப்பறையில் முடியும். நான் இப்போது ஒரு சிறு வழக்கம் வைத்திருக்கிறேன். விடைக்குறிப்பில் இல்லாத விடையைக் கண்டால் பெருக்கல் குறி போடுவதில்லை. ஒரு கேள்விக்குறி போடுகிறேன். மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "இதை எப்படி எழுதினாய்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடத்தில் தடம் மாறினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. எப்போதாவது ஒரு குருவியும் அகப்படுகிறது.

அந்த மாணவி இப்போது வகுப்பில் நிறையப் பேசுகிறாள் என்று எழுதினால் அது பொய்யாகும். இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் சென்ற வாரம் என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனாள். அதில் ஒரே ஒரு குறிப்பு, எழுத்து எண்ணிக்கையோடு இருந்தது. மூலச்சொல் வெளிப்படையாக இருந்தது. பொருள் ஒரு முனையில் மட்டும் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைப் புதிரில் அதுதான் முதல் குறிப்பு.